பழைய பாப்கேட் வாங்கப் போகிறீர்களா? ஆயில் சூடாகும்வரை கிளம்பாதீர்கள்

நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்றும் அந்தக் குட்டி வண்டியைச் சாலை போடும் இடத்திலோ குடோனிலோ பார்த்திருப்பீர்கள். துறைமுகங்களில் கிரேனில் கட்டிக் கப்பலின் அடிவயிற்றுக்குள் இறக்கி, மூலையில் ஒட்டிக்கிடக்கும் நிலக்கரியை அள்ளவும் இதைத்தான் விடுவார்கள். முறையான பெயர் ஸ்கிட் ஸ்டியர் லோடர். பாப்கேட் என்பது ஒரு கம்பெனியின் பெயர், ஆனால் தோண்டுகிற வண்டியெல்லாம் நமக்கு ஜேசிபி ஆனதுபோல இதுவும் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பாப்கேட்தான். பழையதைத் தேடிப் போகிறவர்கள் பெயிண்டையும், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் ஹவர் மீட்டரையும் பார்த்துவிட்டு விலை பேச ஆரம்பித்துவிடுகிறார்கள், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. இந்த வண்டி எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் புரிந்துகொண்டால் எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இது பிறந்த கதையே ஒரு இடநெருக்கடியின் கதை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராத்சே என்ற சின்ன ஊரில் சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற அண்ணன் தம்பி ஒரு பட்டறை வைத்திருந்தார்கள். வான்கோழி வளர்க்கும் விவசாயி ஒருவர் அவர்களிடம் வந்தார். அவருடைய கொட்டகைக்குள் தூண்களுக்கு நடுவே புகுந்து திரும்பி எச்சத்தை அள்ள வேண்டும், மாடித் தளத்தில் ஏற்றினாலும் தாங்கும் அளவுக்கு எடை குறைவாக இருக்க வேண்டும். 1957-ல் மூன்று சக்கரத்தில் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே வடக்கு டகோட்டாவின் மெல்ரோ கம்பெனி அதை எடுத்துக்கொண்டது, 1960-ல் நான்கு சக்கரமும் இழுக்கும் எம்400 வந்தது, 1962-ல் பாப்கேட் என்ற பெயரும் வந்தது.

சரி, எப்படித் திரும்புகிறது? காரில் முன்சக்கரம் இடமோ வலமோ மடங்கும், இதில் எந்தச் சக்கரமும் மடங்காது. இடப்பக்கத்து இரண்டு சக்கரங்களும் ஒரு அணி, வலப்பக்கத்து இரண்டும் இன்னொரு அணி. ஒரு அணியை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் ஓட்டினால் வண்டி வளையும், ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் ஓட்டினால் நின்ற இடத்திலேயே சுற்றும். சுற்றும்போது டயர்கள் பக்கவாட்டில் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் நகர முடியும், பெயரில் இருக்கும் ஸ்கிட் அந்தச் சறுக்கல்தான். நான்கு சக்கரத்திலும் எடை சமமாக இருந்தால் இந்தச் சறுக்கலுக்கு நிறைய சக்தி செலவாகும். அதனால்தான் இன்ஜினைப் பின்னால் வைத்திருக்கிறார்கள். பக்கெட் காலியாக இருக்கும்போது எடையின் பெரும்பகுதி பின்சக்கரத்தில் இருக்கும், லேசான முன்பக்கம் சுலபமாகச் சறுக்கும். பக்கெட்டில் மண் ஏறியதும் எடை முன்னால் வந்துவிடும், இப்போது பின்பக்கம் சறுக்கும். எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

பெரும்பாலான வண்டிகளில் ஒரு பக்கத்து இரண்டு சக்கரங்களையும் ஒரே மோட்டார்தான் செயின் வழியாகச் சுற்றுகிறது, அந்தச் செயின் ஆயில் நிரம்பிய பெட்டிக்குள் கிடக்கிறது. முன் டயர் புதிது, பின் டயர் மொட்டை என்றால் இரண்டின் சுற்றளவும் வேறு, ஆனால் செயின் இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றச் சொல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சண்டை போடும், அடி விழுவது செயினுக்கும் பேரிங்குக்கும். அதனால் ஒரே பக்கத்தில் வேறு வேறு அளவு டயர் போட்டிருந்தால் அந்தப் பக்கத்துச் செயின் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் கட்டை கொடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினால் செயின் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று தெரியும். பெட்டியிலிருந்து கொஞ்சம் ஆயில் எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள், இரும்புத் துகள் மினுமினுத்தால் அந்த வேலை உங்கள் தலையில்தான் விழப்போகிறது.

இனி முக்கியமான இடம். அந்தச் செயினைச் சுற்றும் மோட்டாருக்கு இன்ஜினோடு நேரடித் தொடர்பு கிடையாது, கியரும் கிடையாது. இன்ஜின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பம்பைச் சுற்றுகிறது, பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, அந்த ஆயில் மோட்டாரைச் சுற்றுகிறது. பம்புக்குள் ஏழோ ஒன்பதோ சிறிய பிஸ்டன்கள் வட்டமாக நிற்கும், அவற்றின் கால்கள் ஒரு தட்டில் ஊன்றியிருக்கும். தட்டு நிமிர்ந்து நின்றால் பிஸ்டன்கள் சும்மா சுற்றும், ஆயில் போகாது. லீவரைத் தள்ளினால் தட்டு சாயும், சாய்ந்த அளவுக்குப் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய் ஆயிலைத் தள்ளும், எதிர்ப்பக்கம் சாய்த்தால் ஆயில் எதிர்த்திசையில் போகும், வண்டி ரிவர்ஸ் வரும்.

பிஸ்டனுக்கும் அதன் துளைக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய இடைவெளிதான் இருக்கிறது. அந்த இடைவெளி வழியாக எப்போதும் கொஞ்சம் ஆயில் கசியும், உயவுக்கு அது தேவையும்கூட. ஆனால் மெல்லிய இடைவெளியில் கசிவு அதன் அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அதாவது தேய்ந்து இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு! அப்படிக் கசிகிற ஆயில் எந்த வேலையும் செய்யவில்லை, அதில் ஏற்றிய சக்தி முழுக்கச் சூடாக மாறுகிறது, சூடான ஆயில் இன்னும் நீர்த்துப்போகிறது, நீர்த்தால் இன்னும் கசிகிறது. தேய்ந்த வண்டி காலையில் சிங்கமாக இருந்துவிட்டு மதியத்துக்குள் படுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே பார்க்கப் போகும்போது முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாத கோளாறை மறைக்கிறார்களோ என்று கேளுங்கள். ஸ்டார்ட் செய்து சமதளத்தில் இரண்டு லீவரையும் ஒரே அளவு தள்ளி நேராக ஓட்டுங்கள். அப்புறம் அரை மணி நேரமாவது நிஜமாகவே வேலை வாங்குங்கள், மண்ணை அள்ளிக் கொட்டுங்கள், குவியலில் பக்கெட்டை முட்டி அழுத்துங்கள், இரண்டு பக்கமும் சுற்றுங்கள். மறுபடி அதே இடத்தில் நேராக ஓட்டுங்கள். முதலிலேயே ஒரு பக்கம் இழுத்தால் லீவரைப் பம்போடு இணைக்கும் லிங்கேஜின் செட்டிங் மாறியிருக்கலாம், அது சின்ன வேலை. குளிரில் நேராகப் போய் சூடானதும் ஒரு பக்கம் இழுத்தாலோ குவியலில் முட்டும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் தளர்ந்தாலோ அந்தப் பக்கத்துப் பம்போ மோட்டாரோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை மாற்றுவது இந்த வண்டியின் பெரிய செலவுகளில் ஒன்று.

மற்றதெல்லாம் கண்ணுக்கே தெரியும். ஹவர் மீட்டர் குறைவாகக் காட்டி, சீட்டும் பெடலும் தேய்ந்து பளபளத்தால் மீட்டரை நம்ப வேண்டாம். பக்கெட்டைத் தரையில் ஊன்றி லேசாகத் தூக்கி இறக்கும்போது மூட்டுகளில் இருக்கும் பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் தேய்ந்து ஆடுவது தெரியும். ஹைட்ராலிக் ஆயில் பால் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பக்கெட்டில் 1,400 கிலோ ஏற்றினால் முன்னால் கவிழும் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட சுமை அதில் பாதி, 700 கிலோதான். பின்னால் கூடுதலாக இரும்பை வெல்டிங் வைத்திருந்தால் அளவுக்கு மீறித் தூக்கவைத்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓஸ் பைப்பில் கசிவு தேடும்போது கையால் தடவாதீர்கள். கார் டயரில் 2 பார் சொச்சம் அழுத்தம் என்றால் இங்கே 200 பார் சாதாரணம், ஊசித்துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கிறது. ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், போதும்.

கடைசியாக சீட்டின் முன்னால் இறங்கும் கம்பி. அதை மேலே தூக்கினால், பக்கெட்டைத் தூக்கும் இரும்புக் கைகள் அசையக் கூடாது. ஓட்டுநரின் இரண்டு தோளுக்கும் பக்கத்தில்தான் அந்தக் கைகள் ஏறி இறங்குகின்றன, தலையை வெளியே நீட்டி நசுங்கிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். பழைய வண்டிகளில் கம்பி மேலே இருந்தாலும் கைகள் அசையும்படி அதன் சுவிட்சை ஒயர் போட்டு இணைத்துவிடும் பழக்கம் உண்டு. அப்படி இருந்தால் சரிசெய்து வேலை செய்வதைக் காட்டிய பிறகுதான் முன்பணம் என்று சொல்லிவிடுங்கள்.