கிராமத்துக் குழந்தைகள் காப்பகத்துக்கு நிதி கேட்கும்போது ஊதியத்தை ஒளிக்க வேண்டாம்

கமுதி, முதுகுளத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் மிளகாய்ப் பழம் எடுக்கும் மாதங்களில், வெயில் ஏறுவதற்கு முன்பே தாய்மார்கள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் அதே தாய்மார்கள் சீமைக்கருவேலம் வெட்டவும் கரிமூட்டம் போடவும் போவார்கள். அங்கன்வாடி திறக்கும் நேரத்துக்கு முன்பே போய், அது பூட்டிய பிறகு திரும்பும் இந்தப் பெண்கள், இரண்டு வயது நிரம்பாத பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுச் செல்கிறார்கள். பாட்டி இல்லாத வீட்டில், பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்க வேண்டிய அக்காளிடம் விட்டுச் செல்கிறார்கள். இந்த இடைவெளியை நிரப்புவதற்காகச் சிறிய தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்களுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுத உதவுவதே பல ஆண்டுகளாக என் பணியின் பெரும்பகுதியாக இருந்து வருகிறது.

தமிழில் நிதி கொடுப்பவரையும் அறக்கட்டளை என்கிறோம், அதைப் பெற்றுக் களத்தில் பணியாற்றும் பதிவு பெற்ற அமைப்பையும் அறக்கட்டளை என்கிறோம். குழப்பம் வராமல் இருக்க, இங்கே கொடுப்பவரை மட்டும் அறக்கட்டளை என்றும், பெறுபவரைத் தொண்டு நிறுவனம் என்றும் குறிப்பிடுகிறேன்.

நான் எழுத உதவிய தொடக்ககால விண்ணப்பங்களில் ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. சுவருக்கு வண்ணம், சறுக்குமரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், விளையாட்டுப் பொருள்கள், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி என்று பட்ஜெட்டின் முதல் பக்கம் முழுவதும் பொருள்கள்தாம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பெண்களின் ஊதியத்தை, கடைசிப் பக்கத்தில் ‘இதர செலவுகள்’ என்ற தலைப்பின் கீழ், போக்குவரத்துச் செலவோடும் தபால் செலவோடும் சேர்த்து எழுதியிருந்தோம். சம்பளம் என்ற சொல்லைப் பார்த்தாலே கொடுப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. நாங்களும் அதை நம்பினோம். நிதி கிடைத்தது. பொருள்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. ‘இதர செலவுகள்’ மட்டும் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தன.

அந்தக் காப்பகத்தில் இருந்த பராமரிப்பாளர் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர், அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். யாரும் சொல்லாமலே அவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் எழுதி வந்தார். எந்தப் பிள்ளையை யார் கொண்டுவந்து விட்டார்கள், எத்தனை கரண்டி பருப்புச்சாதம் உள்ளே போனது, எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது என்று தேதிவாரியாக இருக்கும். ஒரு பக்கத்தில், “சின்னவன் இன்றைக்கு அழவில்லை. அம்மா போனதும் அவனாகவே வந்து என் மடியில் உட்கார்ந்தான்” என்று எழுதியிருந்தார். அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து நாள் குறிப்புகளில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே ‘அழுகை’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. அறக்கட்டளைக்கு நாங்கள் அனுப்பிய அறிக்கையில் நாற்காலிகளின் புகைப்படம் இருந்தது. இந்த நோட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்று மாதம் ஊதியம் தாமதமானதும் அவர் ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலை வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவரிடம் பிள்ளைகள் ஒட்டவில்லை. இரண்டு தாய்மார்கள் பிள்ளைகளைத் திரும்பக் கரிமூட்டத்துக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான திட்டத்தில், தினமும் வந்து தூக்கிக்கொள்ளும் ஒரே ஆள்தான் திட்டம். கட்டடமும் பொம்மையும் அந்த ஆளுக்குத் துணைக் கருவிகள். 2013ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கை, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் 10 பேருக்கு ஒரு பராமரிப்பாளரும், மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளவர்கள் 20 பேருக்கு ஒருவரும் இருக்க வேண்டும் என்கிறது. இந்த விகிதத்தை விண்ணப்பத்தில் எழுதி, அதிலிருந்து எத்தனை பேர் தேவை என்று கணக்கிட்டு, அவர்களுடைய ஊதியத்தைப் பட்ஜெட்டின் முதல் வரியாக வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

“ஊதியத்தைக் காட்டினால் நிர்வாகச் செலவு வரம்பைத் தாண்டிவிடும், சட்டம் அனுமதிக்காது” என்று தொண்டு நிறுவனத்தார் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இது தவறான புரிதல். ஆண்டுதோறும் பல நல்ல திட்டங்களை முடக்கிவருகிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் (சிஎஸ்ஆர்) பணிகளுக்குச் செலவிட வேண்டும். தொழில் குழுமங்கள் நடத்தும் அறக்கட்டளைகள் பலவற்றுக்கும் பணம் இந்த வழியில்தான் வருகிறது. இதற்கான விதிகளில் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத வரம்பு இருப்பது உண்மை. ஆனால் அந்த வரம்பு, இப்பணிகளைக் கவனிப்பதற்காக நிதி கொடுக்கும் நிறுவனம் தன் அளவில் செய்யும் பொது நிர்வாகச் செலவுக்கு உரியது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் மதிப்பிடவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. கல்வித் திட்டத்தில் பணியாற்றும் ஆசிரியர்களின் ஊதியம் அத்திட்டத்தின் செலவே என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021இல் வெளியிட்ட விளக்கக் குறிப்பும் எடுத்துக்காட்டோடு சொல்கிறது.

வெளிநாட்டு நிதிக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் செய்யப்பட்ட 2020ஆம் ஆண்டுத் திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்துவிட்டது என்பதைக் கேட்டுப் பலர் அஞ்சினார்கள். ஆனால் நிர்வாகச் செலவு எது என்று வரையறுக்கும் விதியே, மருத்துவமனை மருத்துவரின் ஊதியத்தையும் பள்ளி ஆசிரியரின் ஊதியத்தையும் எடுத்துக்காட்டாகச் சொல்லி, அமைப்பின் நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றும் செலவுகளை அந்த வரம்பிலிருந்து விலக்கி வைக்கிறது. காப்பகத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரை அந்த ஆசிரியரின் இடத்தில் வைத்துப் பார்ப்பதே பொருத்தம். உங்கள் ஆடிட்டரிடம் இந்த விதியைக் காட்டி, அவருடைய கருத்தை எழுத்தில் வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். அந்த ஒரு தாள் பல கேள்விகளை முன்கூட்டியே தீர்த்துவிடும்.

அதே 2020 திருத்தம், வெளிநாட்டு நிதி பெற்ற ஓர் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்து கொடுப்பதையும் தடை செய்துவிட்டது. பெரிய நிறுவனத்தின் நிழலில் நின்று நிதி பெற்றுவந்த கிராமத்து அமைப்புகள் இனி நேரடியாகவே தகுதி பெற வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு நிதிக்கான பதிவுக்குப் பொதுவாக மூன்றாண்டுச் செயல்பாடும், அந்த மூன்றாண்டுகளில் தன் முதன்மைப் பணிகளுக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்டதற்கான கணக்கும் வேண்டும். சிறிய அமைப்புகளுக்கு அது கடினம் என்பதால், உள்நாட்டு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையே முதலில் நாடுமாறு நான் சொல்வது வழக்கம். அதற்கு வருமான வரிச் சட்டத்தின் கீழ் அமைப்புக்கும் நன்கொடையாளருக்கும் வரிச்சலுகை தரும் பதிவுகள் (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12ஏ, 80ஜி எனப்பட்டவை), மத்திய அரசிடம் சிஎஸ்ஆர்-1 படிவத்தின் வழி பெறும் பதிவு எண், இதே போன்ற பணியில் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் ஆகியவை வேண்டும். இவை கையில் இல்லாமல் விண்ணப்பம் எழுத உட்கார்வது வீண் உழைப்பு.

“அங்கன்வாடிதான் இருக்கிறதே, நீங்கள் எதற்கு?” என்பது எல்லா அறக்கட்டளைகளும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் இன்று நாடு முழுவதும் பரவியிருக்கிறது. தமிழ்நாட்டில் அங்கன்வாடி இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு அங்கன்வாடியைக் குறை சொல்லிப் பதில் எழுதும் விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அது உண்மைக்கும் நன்றிக்கும் புறம்பானது, நிதியையும் பெற்றுத் தராது. அங்கன்வாடிப் பணியாளரோடு உட்கார்ந்து, அவருடைய நேரம் எது, எந்த வயதுப் பிள்ளைகளை அவரால் நாள் முழுவதும் வைத்துக்கொள்ள முடியவில்லை, சத்துமாவும் எடை பார்ப்பதும் தடுப்பூசியும் எப்படி நடக்கின்றன என்று கேட்டு எழுதுங்கள். எடையும் தடுப்பூசியும் அவருடைய பதிவேட்டிலேயே தொடரட்டும். அங்கன்வாடிக்கு வெளியே இருக்கும் வயதும் நேரமும் காப்பகத்தின் பொறுப்பு என்று வரையறுங்கள். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமிருந்து ஒரு கடிதம் பெற்றுவிட்டால் அந்தக் கேள்வி மீண்டும் வராது.

இப்படிப்பட்ட காப்பகம் அரசையும் நகர்த்த முடியும் என்பதற்குச் சத்தீஸ்கரில் முன்னுதாரணம் உண்டு. பிலாஸ்பூர் மாவட்டத்துக் கனியாரியில் இயங்கும் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற மருத்துவர்களின் அமைப்பு, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகப் பழங்குடிக் கிராமங்களில் ‘புல்வாரி’ என்ற பெயரில் காப்பகங்களை நடத்தியது. அந்தந்த ஊர்ப் பெண்களே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். பின்னர் அம்மாநில அரசே அந்த முறையைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. “எங்கள் பணம் முடிந்த பிறகு என்ன ஆகும்?” என்று அறக்கட்டளை கேட்கும்போது, ‘தன்னிறைவு அடைவோம்’ என்று எழுதுவதில் பொருளில்லை. கூலித் தாய்மார்களின் கைக்குழந்தைகளுக்கான காப்பகம் ஒருநாளும் தன் செலவைத் தானே ஈட்டாது. அரசு ஏற்கும் வரை ஆதாரத்தைச் சேர்ப்போம் என்று எழுதுவதே நேர்மை.

தேவையை நிறுவும் பகுதியில், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்ற தகவல் எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கும். அதைப் படித்துப் படித்து அறக்கட்டளைக்காரர்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். உங்கள் ஊரை வீடு வீடாக நடந்து எண்ணுங்கள். ஆறு வயதுக்குட்பட்டவர்கள் எத்தனை பேர், தாய் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், பிள்ளையை யாரிடம் விடுகிறார், அதற்காகப் பள்ளிக்குப் போகாமல் நின்ற அக்காள் எத்தனை பேர் என்ற நான்கு கேள்விகள் போதும். சிறிய ஊர் என்றால் இரண்டு நாளில் முடிந்துவிடும். அந்தக் கணக்கைக் கிராம சபையில் படித்துத் தீர்மானம் வாங்குங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. மெலிந்த குழந்தையின் முகத்தைப் படமெடுத்து அட்டையில் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பிள்ளை நாளை படித்து, அதைப் பார்க்கும் வயதுக்கு வரும்.

காலக்கெடு பற்றியும் சொல்ல வேண்டும். மார்ச் 31க்குள் செலவழித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் ஜனவரி, பிப்ரவரியில் வரும் சமூகப் பொறுப்பு நிதி பெரும்பாலும் பொருள்களாகவே வரும். இரண்டு மாதத்தில் ஒரு பராமரிப்பாளரைப் பழக்க முடியாது, ஆனால் சறுக்குமரம் வாங்கிவிடலாம். தொடர் திட்டம் என்று நிறுவனத்தின் இயக்குநர் குழு அறிவித்தால், தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை நடத்த விதிகள் இடம் தருகின்றன. செலவாகாத தொகையைத் தனிக் கணக்கில் வைத்து அந்தக் காலத்துக்குள் பயன்படுத்தவும் முடியும். ஆகவே ஓராண்டுக்கு மட்டும் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. தொடர் திட்டமாக ஏற்கும்படி விண்ணப்பத்திலேயே வெளிப்படையாகக் கேளுங்கள்.

நிதி வாங்கித் தருகிறேன் என்று சொல்லி முன்பணம் கேட்பவர்களிடமும், வந்த தொகையில் ஒரு பங்கைக் கையில் திருப்பித் தரச் சொல்பவர்களிடமும் விலகியே இருங்கள். முறையான எந்த அறக்கட்டளையும் விண்ணப்பிக்கக் கட்டணம் வாங்குவதில்லை. நான் அறிந்த ஒரு மகளிர் அமைப்பு, உறுப்பினர்களின் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த முன்பணத்தை இழந்து, அதை ஈடுகட்ட இரண்டு ஆண்டுகள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

நாற்காலிகள் அடுக்கப்பட்ட அந்தக் காப்பகத்துக்காக அடுத்த ஆண்டு வேறோர் அறக்கட்டளைக்கு எழுதினோம். பட்ஜெட்டின் முதல் வரி இரண்டு பராமரிப்பாளர்களின் பன்னிரண்டு மாத ஊதியம். இரண்டாவது வரி அவர்களுக்கான பயிற்சி. மூன்றாவது பிள்ளைகளின் உணவு. பொருள்கள் அதற்கும் கீழே, பழைய தொகையில் கால்வாசிதான். பழைய நோட்டின் நான்கு பக்கங்களை, பிள்ளைகளின் பெயர்களை மறைத்து நகலெடுத்து இணைத்திருந்தோம். மூன்று வாரம் கழித்து அறக்கட்டளையிலிருந்து தொலைபேசியில் பேசிய பெண் அதிகாரி, ஊதியம் ஏன் இவ்வளவு என்று கேட்கவில்லை. “இவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்குப் பிள்ளைகளை யாரிடம் விடுவீர்கள்?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. இரண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு பாட்டியிடம் பேசி, மாற்றுப் பராமரிப்பாளருக்கு மாதம் நான்கு நாள் கூலி என்று ஒரு வரியைப் பட்ஜெட்டில் சேர்த்து அனுப்பினோம்.