சாலைப் பணி நடக்கும் இடத்தில் வேக வரம்பை மீறினால் என்ன தண்டனை?

மேம்பாலம் கட்டும் இடத்திலும் சாலையை அகலப்படுத்தும் இடத்திலும், தடுப்புகளுக்கு முன்பாக நிற்கும் ‘30’ என்ற பலகையை ஒப்பந்ததாரரின் வேண்டுகோளாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உரிய அதிகாரத்தோடு வைக்கப்பட்ட பலகை வேண்டுகோள் அன்று. பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டோ, சாலை அல்லது பாலத்தின் தன்மையைக் கருதியோ, மாநில அரசும் அதனால் அதிகாரம் அளிக்கப்பட்டவர்களும் குறிப்பிட்ட இடத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 112(2). இதற்கு அரசிதழில் அறிவிக்கை வெளியிட வேண்டும். ஆனால் கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேற்படாது எனில் அறிவிக்கை தேவையில்லை. ஆகவே, சில வாரங்களில் முடியும் பணிகளில் ‘அரசிதழில் வரவில்லையே’ என்ற வாதம் எடுபடாது.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் பணியிடத்தில் வேகம் மீறினால் அபராதம் இருமடங்காகிறது. இந்தியச் சட்டத்தில் அப்படித் தனித் தண்டனை கிடையாது. எந்தச் சாலையிலும் பொருந்தும் பிரிவு 183-தான் இங்கும் பொருந்தும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இலகுரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையிலும், நடுத்தர, கனரகச் சரக்கு மற்றும் பயணிகள் வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். மறுமுறை பிடிபட்டால் ஓட்டுநர் உரிமம் பறிமுதல் செய்யப்படும். நீதிமன்றம் செல்லாமல் அந்த இடத்திலேயே கட்டும் தொகையை மாநில அரசு நிர்ணயிப்பதால், அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

இதே பிரிவில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. தன்னிடம் வேலை செய்பவரை வரம்பு மீறி ஓட்டச் செய்யும் முதலாளிக்கும் இதே தண்டனைதான். இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று அவர் இட்ட உத்தரவோ, வெளியிட்ட கால அட்டவணையோ, வேக வரம்பை மீறாமல் நிறைவேற்ற முடியாததாக இருந்தால், அதுவே அவருக்கு எதிரான முதல்நோக்குச் சான்றாகும்; அதாவது, மறுத்து நிரூபிக்கப்படும் வரை ஏற்கப்படும் சான்று. மறுபுறம், வண்டி வேகமாகப் போனதாகத் தோன்றியது என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது; அந்தக் கணிப்பு இயந்திர அல்லது மின்னணுக் கருவியின் துணையோடு செய்யப்பட்டிருக்க வேண்டும்.

ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும் இடத்தில் சீறிப் பாய்வதை வெறும் வேக மீறலாக மட்டுமே பார்க்க வேண்டியதில்லை. அந்த இடத்தின் தன்மையையும் நிலையையும் கணக்கில் கொண்டு, பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும்படி ஓட்டுவது பிரிவு 184-இன் கீழ் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றமாகும். கவனக்குறைவால் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(1) ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது.

பொறுப்பு ஓட்டுநரோடு முடிவதில்லை. பணியிடத்தில் எச்சரிக்கைப் பகுதி எங்கே தொடங்க வேண்டும், தடுப்புகளும் பலகைகளும் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் எஸ்.பி. 55 என்ற வழிகாட்டி நெறிகள் உள்ளன. இரவில் விளக்கோ ஒளிப்பட்டையோ இல்லாத தடுப்பைக் கண்டவர்களுக்கு நடைமுறை தெரியும். வகுக்கப்பட்ட பாதுகாப்புத் தரங்களைப் பின்பற்றாததால் உயிரிழப்போ உடல் ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 198ஏ இடமளிக்கிறது. உடனே சீர்செய்ய இயலாத சாலைப் பகுதியாக இருந்தால், அங்கே என்னென்ன எச்சரிக்கைகள் வைக்கப்பட்டிருந்தன என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளும்.