கறுப்புத் திரையில் நாலெழுத்து

போன மாதம் சித்தி மகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆன் செய்தால் கறுப்புத் திரை. இடது மூலையில் லினக்ஸை ஏற்றிவிடும் நிரலின் பெயர், ‘கிரப்’ என்று நாலு ஆங்கில எழுத்து, பக்கத்தில் துடிக்கும் கர்சர். அவ்வளவுதான். கடையில் காட்டியிருக்கிறான், ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடணும் என்றார்களாம்.

“கடைசியா என்னடா பண்ணினே?”

“ஒண்ணும் பண்ணலண்ணே. உபுண்டு சும்மா 60 ஜிபியைப் பிடிச்சுக்கிட்டு கிடந்துச்சு. விண்டோஸ்ல இருந்தே அந்தப் பார்ட்டிஷனை டெலிட் பண்ணினேன்.”

பார்ட்டிஷன் என்றால் டிஸ்க்கில் பிரித்து வைத்த ஒரு பகுதி. அவன் கணினியில் விண்டோஸும், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளமும் சேர்ந்தே இருந்தன. அவன் அழித்தது உபுண்டுவை. நின்றுபோனதோ விண்டோஸ்.

பவர் பட்டனை அழுத்திய நொடியில் கணினிக்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. மதர்போர்டில் ஒரு சிப்பில் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற நிரல்தான் முதலில் கண் விழிக்கிறது. பயாஸ் என்ற பழைய வகை ஃபர்ம்வேர் காலத்தில் அது டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதில் 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, 2 பைட் முத்திரைக்கு. மிஞ்சிய 446 பைட்டுக்குள்தான் மொத்த நிரலும் அடங்க வேண்டும். யூனிகோடில் வழக்கமாகத் தமிழ் எழுத்துக்குறி ஒன்றுக்கு 3 பைட் ஆகும். அந்த இடத்தில் இந்தப் பத்தியில் கால்வாசியைக்கூட வைக்க முடியாது. அதனால் அந்தக் குட்டி நிரல் தன்னைவிடப் பெரிய இன்னொன்றைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு இயங்குதளம் போட்டால் அந்த ஒற்றை இடத்துக்கு இருவரும் அடித்துக்கொள்வார்கள். கடைசியாக நிறுவியவர் முந்தையவரை அழித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

இப்போதுள்ள யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் அப்படியில்லை. அதற்குக் கோப்புகளைப் படிக்கத் தெரியும். டிஸ்க்கில் இஎஸ்பி என்று ஒரு சின்ன ஃபேட்32 பார்ட்டிஷன் இருக்கும். விண்டோஸ் உருவாக்கினால் பெரும்பாலும் 100 எம்பி. அதற்குள் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். யாரை முதலில் கூப்பிடுவது என்ற வரிசைப்பட்டியல் மட்டும் டிஸ்க்கில் இல்லை. மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது.

தம்பியின் கணினியில் அந்தப் பட்டியலில் முதல் பெயர் உபுண்டு. அவன் லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தபோது இஎஸ்பியில் இருந்த கிரப் கோப்பு தப்பித்துவிட்டது. ஆனால் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கிரப் காட்ட வேண்டிய மெனு அழிந்த பார்ட்டிஷனில் இருந்தது. இஎஸ்பியில் இருந்த குறிப்பு, இன்ன அடையாள எண் கொண்ட பார்ட்டிஷனுக்குப் போ என்கிறது. போனால் வீடே இல்லை. கிரப் வாசலில் நின்று, அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்கிறது. அந்தக் கேள்விதான் கறுப்புத் திரை.

‘எக்ஸிட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினேன். கிரப் விலகி, பொறுப்பு திரும்ப ஃபர்ம்வேர் கைக்குப் போனது. அது பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டது. விண்டோஸ் வந்துவிட்டது. தம்பி என்னைப் பார்த்த பார்வையை நான் ரொம்ப நாள் மறக்கமாட்டேன். பிறகு ஃபர்ம்வேர் செட்டிங்ஸில் விண்டோஸை மேலே ஏற்றி வைத்தோம். ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று வந்திருந்தால் கொஞ்சம் கூடுதல் வேலை. தன் துணை நிரல்களைக்கூடக் கண்டுபிடிக்க முடியாத நிலை அது.

இதற்கு நேர்மாறாக விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு உபுண்டு காணாமல்போவதும் உண்டு. பெரும்பாலும் வரிசைதான் மாறியிருக்கும். பட்டியலில் பெயரே இல்லாவிட்டால், ஃபர்ம்வேர் அப்டேட் அதைத் துடைத்திருக்கலாம். லைவ் யூஎஸ்பியில், அதாவது நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவில், ஏறி மறுபடி பதியலாம். ஆனால் அந்த யூஎஸ்பி பழைய பயாஸ் முறையில் பூட் ஆனால் பட்டியல் கண்ணுக்கே தெரியாது; அப்படியே பழுதுபார்த்தால் கிரப் தவறான இடத்தில் போய் உட்காரும். முறை சரிதானா என்று முதலில் பார்க்காமல் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டவன் நான்.

மெனு ஒழுங்காக வந்து, அதன் பிறகு லினக்ஸ் பாதியில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று நின்றால் கிரப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. லினக்ஸின் மையமான கெர்னல் ஏறிவிட்டது, தன் கோப்புகள் இருக்கும் மூல டிஸ்க்கைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது. இரண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: இரண்டாவதை நிறுவும்போது அது ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்தால் அடையாள எண் மாறிவிடும். பழைய லினக்ஸ், இல்லாத எண்ணுக்காக ஒவ்வொரு முறையும் 90 நொடி காத்திருக்கும்.

2024 ஆகஸ்டில் நடந்தது வேறு ரகம். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இருந்தால் கையொப்பமிட்ட நிரலை மட்டுமே ஃபர்ம்வேர் ஓடவிடும். லினக்ஸுக்கு அந்த அனுமதிச்சீட்டு ஷிம் என்ற சின்ன நிரல். ஓட்டை உள்ள பழைய ஷிம்களையும் கிரப்களையும் தடுக்க எஸ்பாட் என்ற தலைமுறை எண் முறை உண்டு. அந்த மாத விண்டோஸ் அப்டேட் குறைந்தபட்ச எண்ணை உயர்த்தியது. இரண்டு இயங்குதளம் உள்ள இரட்டை பூட் கணினிகளைத் தொடக்கூடாது என்பதுதான் திட்டம். கண்டுபிடிக்கும் சோதனை சிலவற்றைத் தவறவிட்டது. அங்கெல்லாம் லினக்ஸைத் தேர்ந்தெடுத்ததும் பாதுகாப்பு விதிமீறல் என்று செய்தி வந்து கணினி அணைந்தது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து உள்ளே போனார்கள். பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டைப் போட்டிருப்பவர்கள் இதில் கைவைக்கும் முன் 48 இலக்க மீட்பு எண்ணை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. விண்டோஸ் பெரும்பாலும் அதைக் கேட்கும்.

பூட் ஆனபின் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறதா? பேட்டரியை மாற்ற ஓடாதீர்கள். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கிறது. லினக்ஸில் ஒரே கட்டளையில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடலாம். தம்பியின் கணினிக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை. மறுபடி உபுண்டு போடப் போகிறானாம். 60 போதாது, இந்த முறை 80 ஜிபி.