ஃபிக்ஸட் கியர் வண்டியில் செயினும் ஒரு பிரேக்

கியர் மாற்றும் வசதி இல்லாத சைக்கிள் என்றால் அவ்வப்போது ஆயில் விட்டால் போதும், வேறு பார்க்க ஒன்றுமில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. டீரெய்லர் (செயினை ஒரு கியரிலிருந்து இன்னொரு கியருக்குத் தள்ளும் கருவி), ஷிஃப்டர், கியர் கேபிள் எதுவும் கிடையாது என்பது சரிதான். ஆனால் கியர் வண்டியில் செயின் தேய்ந்து நீண்டால் டீரெய்லரின் ஸ்பிரிங் அந்தத் தொய்வை இழுத்துக்கொள்ளும். ஒற்றை கியர் வண்டியில் அதைச் செய்ய ஆளில்லை. பின் சக்கரம் ஃபிரேமில் எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்பத்தான் செயினின் இறுக்கம்.

ஃப்ரீவீல் (மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தைத் தனியே ஓடவிடும் பின் பல்சக்கரம்) போட்ட வண்டியில் செயின் கழன்றால் பெடல் வெறுமனே சுற்றும். கை பிரேக்கைப் பிடித்து இறங்கி மாட்டிக்கொள்ளலாம். ஃபிக்ஸட் வண்டியில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். காலைப் பின்னோக்கி அழுத்தி வேகத்தைக் குறைக்கும்போது அந்த விசை முழுவதும் செயின் வழியாகத்தான் பின் சக்கரத்துக்குப் போகிறது. செயின் கழன்றால் கால் பிரேக் போய்விடும். கழன்ற செயின் பல்சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் சிக்கினால் பின் சக்கரம் அந்த நொடியே பூட்டிக்கொள்ளும்.

வேலையைத் தொடங்கும் முன் விரல்களைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பெடலை வேகமாகச் சுற்றிவிட்டு, ஓடும் செயினைத் துணியால் பிடித்துத் துடைப்பது பலருக்கும் பழக்கம். ஃபிக்ஸட் வண்டியில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. துணியின் ஓரம் பல்லில் மாட்டினால், சுற்றும் சக்கரத்தின் வேகம் துணியையும் அதைப் பிடித்த விரலையும் சேர்த்து உள்ளே இழுக்கும். கையை எடுத்தாலும் நிற்க அங்கே ஃப்ரீவீல் இல்லை. விரல் நுனி துண்டாகும் விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன. முன்னோக்கிச் சுற்றும்போது செயின் வீலின் (பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரம்) மேல்பக்கமும் பின் பல்சக்கரத்தின் அடிப்பக்கமும் செயினை உள்ளே வாங்கும் இடங்கள். பின்னோக்கிச் சுற்றினால் இது தலைகீழாகும். கீழ்ச் செயினின் நடுப்பகுதியை மட்டும், சக்கரம் அசையாமல் நிற்கும்போது துடையுங்கள். பிறகு ஒரு சாண் அளவு நகர்த்தி, நிறுத்தி, அடுத்த பகுதியைத் துடையுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை. தொங்கும் ஷூ லேஸுக்கும் அகலமான பேண்ட் காலுக்கும் ஓட்டும்போது இதே ஆபத்து உண்டு.

இனி இறுக்கம். கீழ்ச் செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் 10 முதல் 15 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். ஓரிடத்தில் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கும் கையை, மெல்ல ஒரு முழுச் சுற்று சுற்றினால் செயின் ஓரிடத்தில் விறைக்கும், இன்னோரிடத்தில் தளரும். செயின் வீல் தன் அச்சுக்கு மிகச் சரியான நடுவில் உட்காருவது அரிது என்பதே காரணம். அதிகம் விறைக்கும் இடத்தில் மேலே சொன்ன ஆட்டம் இருக்குமாறு வைக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் இறுக்கிவிட்டால், விறைக்கும் இடம் வரும்போதெல்லாம் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) பேரிங்கும் பிபி (கிராங்குகள் சுழலும் அச்சு) பேரிங்கும் அடிவாங்கும். கரகரவென்று சத்தமும் வரும்.

விறைப்புக்கும் தளர்வுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் செயின் வீலை நடுவுக்குக் கொண்டுவரலாம். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி, செயின் அதிகம் விறைக்கும் நிலையில் கிராங்கை நிறுத்தி, மேல் செயினின் நடுவில் ஒரு ஸ்பேனரின் பிடியால் இலேசாகத் தட்டுங்கள். போல்ட் துளைகளில் இருக்கும் மயிரிழை இடைவெளிக்குள் செயின் வீல் நகர்ந்து உட்காரும். மறுபடி சுற்றிப் பார்த்து, புதிதாக விறைக்கும் இடத்தில் மறுபடி தட்டுங்கள். வித்தியாசம் குறைந்ததும் போல்ட்டுகளை வரிசையாக இறுக்காமல் ஒன்றுவிட்டு ஒன்றாக, சிறுகச் சிறுக இறுக்குங்கள். இந்த வேலையை முறையாகச் செய்த வண்டியில் செயின் ஓடுவதே காதில் விழாது.

சக்கரத்தை இழுத்து வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. இரண்டு ஆக்சில் நட்டுகளையும் கழற்றிவிட்டு ஒரே இழுப்பில் இழுத்தால் சக்கரம் கோணலாகவே நிற்கும். செயின் பக்கம் பின்னுக்கு இழுத்து அந்த நட்டைப் பாதி இறுக்குங்கள். டயரைப் பிடித்து ஃபிரேமின் நடுவுக்குக் கொண்டுவந்து மறுபக்க நட்டை இறுக்குங்கள். மீண்டும் செயின் பக்கத்தைத் தளர்த்தி இன்னும் ஒரு இழை பின்னுக்குத் தள்ளுங்கள். இப்படி மாறி மாறி நடத்தித்தான் சரியான இடத்துக்கு வரும். பெரும்பாலான வண்டிகளில் இந்த நட்டு 15 மி.மீ. ஸ்பேனருக்கானது, கடைசி இறுக்கம் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர். கையடக்கமான குட்டி ஸ்பேனரில் அந்த அளவு வராது. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது சக்கரம் நழுவி வலப்பக்கம் முன்னால் வந்து டயர் ஃபிரேமில் உரசினால், நட்டு போதவில்லை என்று பொருள். நட்டின் மரையிலும் வாஷரிலும் துளி கிரீஸ் வைத்தால் இறுக்கம் முழுதாகப் பிடிக்கும்.

இழுத்து இழுத்து ஆக்சில் ஃபிரேமின் பின் ஓரத்துக்கு வந்துவிட்டதா? ஒரு முழுக் கண்ணி, அதாவது 1 அங்குலம் எடுத்தால் ஆக்சில் அரை அங்குலம் முன்னால் வரும். ஆனால் கண்ணி எடுக்கும் முன் தேய்மானத்தை அளந்து பாருங்கள். செயினின் ஒரு பின்னிலிருந்து எண்ணி 24 பின் தள்ளி அளந்தால் புதுச் செயினில் மிகச் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. இருக்கும். சுமார் 1.5 மி.மீ. கூடியிருந்தால் செயினை மாற்றிவிடலாம். 3 மி.மீ. கூடும்வரை ஓட்டினால் பல்சக்கரங்களும் அதே அளவுக்குத் தேய்ந்திருக்கும். புதுச் செயின் அவற்றின் மேல் சரியாக உட்காராது. இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. பின்னும் அது சுழலும் குழியும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் சிறு இடைவெளி விழுகிறது. அதனால்தான் மண் கலந்த ஆயில் செயினுக்கு முதல் எதிரி. எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலை விடுவது கேடு. ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, ஊறவிட்டு, வெளிப்புறத்தைக் காயத் துடைத்துவிடுங்கள். ஆயில் வேலை செய்வது உள்ளே. வெளியே மினுங்குவது தூசியைத்தான் ஒட்டிக்கொள்ளும்.

செயின் வாங்கும்போது அகலத்தைக் கவனியுங்கள். 1/8 அங்குலச் செயின் 3/32 பல்லில் ஓடும். 3/32 செயின் 1/8 பல்லில் ஏறாது. கிளிப் வைத்த இணைப்புக் கண்ணி என்றால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும்.

அடுத்தது லாக்ரிங், பின் பல்சக்கரம் கழலாமல் பூட்டும் வளையம். மிக அதிகமாக அலட்சியம் செய்யப்படுவது இதுதான். ஃபிக்ஸட் ஹப்பில் இரண்டு படி மரை இருக்கும். பல்சக்கரம் ஏறுவது வலது மரையில், அதாவது வலப்புறமாகச் சுற்றினால் இறுகும் மரையில். அதற்கு வெளியே, சற்றுச் சிறிய விட்டத்தில், லாக்ரிங் ஏறுவது இடப்புறமாகச் சுற்றினால் இறுகும் இடது மரையில். காலைப் பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும். கழலும் திசையில் அது லாக்ரிங்கை உரசித் திருப்பினால், இடது மரை என்பதால் லாக்ரிங் இன்னும் இறுகும். அழகான ஏற்பாடு, ஆனால் பல்சக்கரம் முதலிலேயே இறுகி உட்கார்ந்திருந்தால்தான் பலிக்கும்.

மரையில் கிரீஸ் தடவிப் பல்சக்கரத்தைக் கையால் ஏற்றி, செயின் விப்பால் (செயின் துண்டு கோர்த்த கைப்பிடிக் கருவி) பலமாக இறுக்குங்கள். லாக்ரிங்கை அதற்கான கொக்கி ஸ்பேனரால் இறுக்குங்கள். உளியும் சுத்தியலும் வேண்டாம், பள்ளங்கள் சிதைந்துவிடும். கொஞ்ச தூரம் மேடேறி, பின்னோக்கி அழுத்தாமல் கை பிரேக்கில் மட்டும் நிறுத்தித் திரும்பி வாருங்கள். மிதித்த விசையில் பல்சக்கரம் இன்னும் உள்ளே போயிருக்கும். லாக்ரிங்கை மறுபடி இறுக்குங்கள். இந்த இரண்டாவது இறுக்கத்தை விட்டுவிடுபவர்கள்தான் பிறகு ஹப்பை மாற்றுகிறார்கள்: தளர்ந்த பல்சக்கரம் முன்னும் பின்னும் அசைந்து அலுமினிய மரையை வழித்தெடுத்துவிடும்.

முடித்ததும் ஹப், பல்சக்கரம், லாக்ரிங் மூன்றையும் தொட்டு பெயிண்டிலோ நகப்பூச்சிலோ ஒரு நேர்கோடு போடுங்கள். வாரம் ஒருமுறை அந்தக் கோட்டைப் பார்த்தால் போதும். கோடு உடைந்திருந்தால் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது; சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள்.

ஃப்ரீவீலுக்கான ஒற்றை மரை ஹப்பில் ஃபிக்ஸட் பல்சக்கரத்தை ஏற்றி, பிபி ரிங்கால் பூட்டியோ பசை ஊற்றியோ ஓட்டுபவர்கள் உண்டு. அங்கே இரண்டுமே வலது மரை. பலமாகப் பின்னோக்கி அழுத்தும் ஒரு நாளில் இரண்டும் சேர்ந்து கழலும். அந்த வண்டியை ஃப்ரீவீலோடு ஓட்டுவதே சரி.

கிராங்க் போல்ட்டையும் கவனியுங்கள். ஃபிக்ஸட் வண்டியில் விசை இரு திசையிலும் வருவதால் இடது கிராங்க் சீக்கிரம் தளரும். தளர்ந்தபடியே சில கிலோமீட்டர் ஓட்டினால் அலுமினியக் கிராங்கின் சதுரத் துளை உருக்குலைந்துவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. பெடல்களில் இடது பெடல் இடது மரை. ஸ்பேனரை மேல்நோக்கி வைத்து வண்டியின் பின்பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடல்களும் கழலும்.

கால் பிரேக் இருக்கும்போது முன் பிரேக் எதற்கு என்ற கேள்வி வரும். வண்டியை நிறுத்தும்போது எடை முன் சக்கரத்துக்குச் சாய்கிறது; பின் டயருக்குத் தரைப் பிடி குறைந்து வழுக்குகிறது. எவ்வளவு பலமுள்ள காலாக இருந்தாலும் இது மாறாது. செயின் அறுந்தால் மிஞ்சுவதும் முன் பிரேக் மட்டுமே. அதை வைத்தே தீர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பிரேக் பேடில் உள்ள பள்ளக் கோடுகள் மறையும் முன் மாற்றுங்கள். பேடின் ரப்பர் முழுவதும் ரிம்மில் படிய வேண்டும், டயரில் உரசக் கூடாது. கேபிள் போல்ட்டில் பிடிபடும் இடத்தில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் கேபிள் மாற்ற வேண்டியதுதான்.

பெடலை அசையாமல் பூட்டிப் பின் சக்கரத்தைச் சறுக்கி நிறுத்தும் பழக்கம் உள்ளவர்களின் பின் டயர் ஒரே இடத்தில் தேய்ந்து கிழிவதற்குப் பற்களின் எண்ணிக்கையே காரணம். முன், பின் பற்களின் விகிதத்தைச் சுருக்கினால் வரும் பின் எண்தான் டயர் தேயும் இடங்களின் எண்ணிக்கை. 48-க்கு 16 என்றால் 3-க்கு 1: எப்போதும் ஒரே காலை முன்வைத்துச் சறுக்குபவருக்கு டயரில் ஒரே ஓர் இடம்தான் தேயும். 46-க்கு 16 என்றால் 8 இடங்கள். 46-க்கு 17 என்றால் சுருங்கவே சுருங்காது, 17 இடங்கள். பின்னால் ஒரு பல் மாற்றினாலே டயரின் ஆயுள் பல மடங்கு கூடும். பல்சக்கரம் மாற்றும்போது ஆக்சில் இருக்கும் இடமும் நகரும், செயினின் இறுக்கத்தை முதலிலிருந்து பார்த்துவிடுங்கள்.