கோடு போடாத எட்டு

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பிஸ்கட் பாக்கெட்டில் பார்கோடுக்குக் கீழே 13 எண்கள் இருக்கின்றன. கோடுகளை எண்ணினால் 12 எண்களுக்குத்தான் கணக்கு வருகிறது. மீதி ஒன்று எங்கே?”

கேள்வியைப் படித்ததும் எழுந்துபோய் ஒரு பாக்கெட்டை எடுத்துவந்து எண்ணினேன். கறுப்புக் கோடுகள் 30. இரு ஓரங்களிலும் நடுவிலும் சற்று நீண்டு நிற்கும் மூன்று ஜோடிகள் எல்லைக் கோடுகள். அவற்றைக் கழித்தால் 24. எண்ணுக்கு இரண்டு கோடு வீதம் 12 எண்கள். மாணவியின் கணக்கு மிகச் சரி.

கறுப்பு ஒளியை விழுங்கும், வெள்ளை திருப்பி அனுப்பும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ஸ்கேனர் படிக்கிறது. பொருளின் பெயரோ விலையோ கோடுகளில் இல்லை. இருப்பது ஓர் எண் மட்டுமே. விலையும் கையிருப்பும் கடைக் கணினியில் அந்த எண்ணுக்கு நேரே பதிவாகியிருக்கின்றன.

இனி அந்தக் காணாமற்போன எண்ணுக்கு வருவோம். 1973இல் அமெரிக்கர்கள் ஏற்றுக்கொண்ட முறையில் 12 எண்கள்தான். பின்னால் வந்த ஐரோப்பியர்களுக்கு இன்னும் ஓர் எண் தேவைப்பட்டது. ஆனால் ஒரு கோடுகூடக் கூடுதலாகப் போடாமல் அதைச் சேர்த்துவிட்டார்கள்! எனக்கு இதில் இன்னும் வியப்பு அடங்கவில்லை.

மிக மெல்லிய கோட்டின் அகலத்தை ஓர் அலகு என்று வைத்தால், ஒவ்வோர் எண்ணுக்கும் 7 அலகு அகலம். இடப்பக்கத்து ஆறு எண்களுக்கு மட்டும் இரண்டு விதமான கோட்டு வடிவங்கள் வைத்தார்கள். ஒன்றில் கறுப்பு அலகுகளின் கூட்டுத்தொகை ஒற்றைப்படை, மற்றதில் இரட்டைப்படை. எந்த வடிவில் வந்தாலும் 9 என்பது 9தான். ஆனால் ஆறும் எந்த வரிசையில் வடிவம் மாறி நிற்கின்றன என்பதே இன்னோர் எண்ணைச் சொல்லிவிடுகிறது. ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை, இரட்டை, ஒற்றை என்று நின்றால் முதல் எண் 8. ஆறும் ஒற்றையாக இருந்தால் 0. பழைய அமெரிக்கப் பார்கோடுகள் அத்தனையும் இப்படித்தான் புதிய முறைக்குள் அப்படியே அடங்கின.

890 என்று தொடங்கும் எந்த இரண்டு பாக்கெட்டுகளையும் பக்கத்தில் வைத்து உருப்பெருக்கியில் பாருங்கள். இடது ஓர எல்லைக் கோடுகளை அடுத்து வரும் நான்கு கறுப்புக் கோடுகளின் அகலம் இரண்டிலும் ஒன்றே: 1, 2, 1, 3. முதல் இரண்டும் ஒற்றைப்படை வடிவ 9. அடுத்த இரண்டும் இரட்டைப்படை வடிவ 0. சோப்பானாலும் ஊறுகாயானாலும் இது மாறாது.

890 என்றால் இந்தியாவில் செய்த பொருள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பாதீர்கள். அந்த எண்ணை நிறுவனம், பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 இந்தியா என்ற அமைப்பில் பதிவு செய்து வாங்கியது என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. எல்லைக் கோடுகளில் 666 என்ற சாத்தானின் எண் ஒளிந்திருப்பதாக அமெரிக்காவில் கிளம்பிய புரளியும் இதே ரகம். இரண்டு நிமிடம் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடுவதை எண்ணிப் பார்க்காமலே பரப்புவதுதான் எனக்கு வருத்தம்.

இந்த ஒற்றை இரட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு. இடப்பக்கத்தின் முதல் வடிவம் எப்போதும் ஒற்றைப்படை. வலப்பக்கத்து ஆறும் எப்போதும் இரட்டைப்படை. பாக்கெட்டைத் தலைகீழாகக் காட்டினால் முதலில் படிக்கக் கிடைப்பது இரட்டைப்படை. உடனே ஸ்கேனர் வரிசையைத் திருப்பிக்கொள்கிறது.

மாணவிக்கு அடுத்த வேலை ஒன்று சொல்கிறேன். கிடங்கிலிருந்து கடைக்கு வரும் அட்டைப்பெட்டியில், தடித்த கறுப்புச் சட்டத்துக்குள் 14 எண்களோடு பெரிய பார்கோடு ஒன்று இருக்கும். அதில் ஒளிந்த எண் கிடையாது, 14ம் வரையப்பட்டவையே. ஆனால் ஓர் எண்ணைக் கறுப்புக் கோடுகளிலும் அடுத்த எண்ணை அவற்றுக்கு இடையேயுள்ள வெள்ளையிலும் மாற்றி மாற்றிப் பின்னியிருப்பார்கள். கறுப்பை மட்டும் படித்தால் ஏழு எண்கள்தான் கிடைக்கும். மீதி ஏழும் இடைவெளிகளின் அகலத்தில் இருக்கின்றன.