20 கிலோ குளிர்ச்சி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவருக்கு முதல் கோடையிலேயே ஒரு யோசனை வந்துவிடும்: இந்த ஏசியைக் கழற்றிப் போட்டுவிட்டால் என்ன? அநேகமாக அது ஏற்கெனவே கேஸ் கசிந்து செத்துக் கிடக்கும். வேலை செய்யாத ஒன்றை எதற்குச் சுமந்து திரிய வேண்டும்? எடை குறையும், எஞ்சினின் சக்தி மிச்சமாகும், பானெட்டுக்குள் கை நுழைய இடம் கிடைக்கும். இந்த மூன்றில் கடைசியது முழு உண்மை. முதலாவது பாதி உண்மை. நடுவில் இருப்பது பெரும்பாலும் கட்டுக்கதை.

எடையைப் பார்ப்போம். எஞ்சினோடு போல்ட் போட்டு இறுக்கிய கம்ப்ரசர், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர், டேஷ்போர்டுக்குள் புதைந்திருக்கும் எவாப்பரேட்டர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், குழாய்கள், பிராக்கெட்டுகள். எல்லாம் சேர்ந்து காரைப் பொறுத்து 15 முதல் 25 கிலோ வரும். 20 என்றே வைத்துக்கொள்வோம். 1,000 கிலோ காரில் அது 2 சதவீதம். 100 கி.மீ. வேகத்தை 8 விநாடியில் எட்டும் கார், இனி ஏறக்குறைய 7.85 விநாடியில் எட்டும்.

இதை வேறு விதமாகவும் சொல்லலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ. 20 கிலோ என்பது 27 லிட்டர். டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பிய காருக்கும், பாதி டேங்க் தீர்ந்த அதே காருக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏசியின் எடை. அந்த வித்தியாசம் உங்கள் கைக்கும் முதுகுக்கும் தெரிகிறதா என்று முதலில் சோதித்துவிடலாம். அதற்கு ஸ்பானர் தேவையில்லை.

ஆனாலும் பாதி உண்மை என்றேனே, அதற்குக் காரணம் அந்த எடை இருக்கும் இடம். முன்பக்க எஞ்சின் கார்களில் கண்டென்சர் முன் சக்கரங்களையும் தாண்டி மூக்கில் நிற்கிறது. கார் வளைவில் திரும்பும்போது, நடுமையத்திலிருந்து தூரத்தில் உள்ள எடை அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் திரும்ப மறுக்கும். மூக்கிலிருந்து எடுக்கும் ஒரு கிலோ, சீட்டுக்கு அடியிலிருந்து எடுக்கும் ஒரு கிலோவைவிட மதிப்பு மிக்கது. டிராக்கில் விநாடியின் பத்தில் ஒரு பங்குக்காக அடித்துக்கொள்பவருக்கு இது பொருட்டு. கடைக்குப் போய் வருபவருக்கு அல்ல.

இப்போது எஞ்சின் சக்தி. பழைய காராக இருந்தால் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே ஒருவரை உட்காரவைத்து ஏசி பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். பெல்ட் சுற்றும் கம்ப்ரசர் புல்லியைக் கவனியுங்கள். அது எப்போதும் சுழன்றுகொண்டுதான் இருக்கும். அதன் நடுவே வட்டமாக ஒரு தகடு மட்டும் அசையாமல் நிற்கும். பட்டனை அழுத்தியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். மின்காந்தம் அந்தத் தகட்டைப் புல்லியோடு ஒட்டவைக்கிறது. தகடும் சுழல, எஞ்சின் ஒரு கணம் தொண்டை கம்மி மீண்டும் நிமிர்கிறது. ரேடியேட்டர் ஃபேனும் ஓட ஆரம்பிக்கிறது. பட்டனை அணைத்தால் தகடு நின்றுவிடும், புல்லி மட்டும் சும்மா சுற்றும்.

விஷயம் அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. ஏசியை அணைத்துவிட்டால் எஞ்சின் இழப்பது ஒரு பேரிங்கின் உராய்வு மட்டுமே. கழற்றி எறிந்தாலும் அதற்குமேல் எதுவும் திரும்பக் கிடைக்காது. ஓடும்போது கம்ப்ரசர் 2 முதல் 4 கிலோவாட் வரை விழுங்கும் என்பது உண்மை. 100 குதிரைத்திறன் உள்ள சின்ன எஞ்சினில் 4, 5 குதிரைகள் காணாமல் போனால் ஏற்றத்தில் தெரியத்தான் செய்யும். ஆனால் அதை மீட்க ஒரு விரல் போதும். ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தியதும் கம்ப்ரசரைத் தானே துண்டித்துவிடும் கார்களும் நிறைய உண்டு. புதிய கார்கள் சிலவற்றில் ஒட்டிப் பிரியும் இந்தத் தகடே (கம்ப்ரசர் கிளட்ச்) இல்லை. பிஸ்டன்களின் வீச்சைக் குறைத்துக் கம்ப்ரசரைப் பெயருக்கு ஓடவிடுவார்கள். அங்கே இழப்பு கொஞ்சம் உண்டு, அதுவும் சொற்பமே.

சரி, ஏசி போய்விட்டது, ஜன்னலைத் திறந்து ஓட்டுகிறீர்கள். காற்றுத்தடையை வெல்லத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மூன்றாம் படிக்கு ஏற்ப ஏறும். சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு 100 கி.மீ. வேகத்தில் சுமார் 8 கிலோவாட் என்றால், 160-ல் 33 கிலோவாட்டைத் தொடும். திறந்த ஜன்னல் தடையை 10 சதவீதம் கூட்டுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 160-ல் அதற்கே 3.3 கிலோவாட் போய்விடும். கம்ப்ரசர் கேட்டதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஏசி காற்றைக் குளிர்விக்கும் இயந்திரம் மட்டுமல்ல, காற்றைப் பிழியும் இயந்திரமும்கூட. 30 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். 5 டிகிரியில் அதால் தாங்க முடிந்தது 7 கிராம்தான். எவாப்பரேட்டரின் குளிர்ந்த தகடுகளுக்கிடையே காற்று நுழைந்ததும் மிச்ச நீர் துளித்துளியாக உதிர்ந்துவிடுகிறது. நிறுத்திய காருக்கு அடியில் சொட்டுகிறதே, அந்தத் தண்ணீர்தான் இது. மழையில் முன்கண்ணாடி பனித்து மறைக்கும்போது அரை நிமிடத்தில் தெளியவைப்பது இந்தப் பிழிதல்தான். அதனால்தான் டிஃபாகர் பட்டனை அழுத்தினாலே பல கார்களில் ஏசி தானாக ஓடத் தொடங்குகிறது. ஸ்போர்ட்ஸ் காரின் கேபின் சின்னது, கண்ணாடி சாய்ந்தது. இரண்டு பேர் விடும் மூச்சே அதை மறைக்கப் போதும். ரோட்டில் ஓடும் காருக்கு ஏசியைக் கழற்றாதே என்று நான் சொல்வதற்கு வெயிலைவிட மழைதான் காரணம்.

பந்தயக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். எடை குறைப்பதற்காகத் தரைவிரிப்பையும் ரேடியோவையும் துறந்து, உள்பக்கக் கதவுக் கைப்பிடிக்குப் பதில் ஒரு கயிறு கட்டிய ஃபெராரி எஃப்40-ல் (1987) ஏசி இருந்தது. 2015-ல் வந்த மெக்லாரன் 675எல்டி ஏசி இல்லாமலே வந்தது. கேட்டால் காசு வாங்காமல் பொருத்திக் கொடுத்தார்கள். போர்ஷே இன்னும் ஒரு படி மேல். ரோட்டில் ஓடும் 911 ஜிடி3 ஆர்எஸ் வாங்குபவர் ஏசி வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. பந்தயத்துக்கென்றே 2019 சீசனுக்குக் கட்டிய 911 ஜிடி3 ஆர் காரிலோ ஏசி இருந்தது. வெந்துபோன ஓட்டுநர் இழக்கும் நேரம், 20 கிலோ இழக்கவைக்கும் நேரத்தைவிட அதிகம் என்பது அவர்கள் கணக்கு.

2023 கத்தார் ஃபார்முலா 1 பந்தயத்தில் எஸ்தபான் ஓகோன் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தார். லோகன் சார்ஜன்ட் முடியாமல் பாதியில் விலகினார். 2025 முதல், வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீடு 31 டிகிரியைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு வந்தால், ஓட்டுநரைக் குளிர்விக்கும் சாதனம் காரில் இருந்தாக வேண்டும். அதற்காகக் காரின் குறைந்தபட்ச எடையையும் உயர்த்திக்கொள்கிறார்கள்.

அப்படியானால் எப்போதுதான் கழற்றலாம்? ஏசி முழுக்கச் செத்துவிட்டது, கார் டிராக்குக்கு மட்டுமே போகிறது, ரேடியேட்டர் சூடாகித் தொல்லை கொடுக்கிறது: மூன்றும் சேர்ந்தால் தாராளமாகக் கழற்றலாம். கண்டென்சர் போனால் ரேடியேட்டருக்குக் காற்று தடையில்லாமல் போகும். வழியில் தெறிக்கும் கல்லும் அப்படியே போகும் என்பதால் முன்னால் ஒரு வலை கட்டிவிடுங்கள்.

கேஸை மட்டும் குழாயை அவிழ்த்துத் திறந்துவிடக் கூடாது. பல கார்களின் ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸ் வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். கையில் பட்டால் தோல் உறைந்துபோகும். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் பொருள் அது. பல நாடுகளில் அதைக் காற்றில் விடுவது குற்றம். கேஸை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் உள்ள மெக்கானிக்கிடம் போக வேண்டும். அடுத்து பெல்ட். ஒரே பெல்ட் எல்லாவற்றையும் சுற்றும் எஞ்சினில் கம்ப்ரசரின் இடத்தில் ஒரு வெற்றுப் புல்லியோ, அளவு மாற்றிய பெல்ட்டோ வேண்டும். கண்டென்சருக்கென்று இருக்கும் தனி ஃபேனை அதோடு சேர்த்துப் பிடுங்கிவிடாதீர்கள்; எஞ்சின் சூடேறும்போது அதுவும் கைகொடுக்கும்.

எவாப்பரேட்டரை விட்டுவிடலாம். ஒன்றிரண்டு கிலோவுக்காக டேஷ்போர்டு முழுவதையும் பிரித்து மாட்டினால், அதன்பிறகு எங்கோ ஒரு மூலையில் ‘கிரீச்’ சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். குழாய் வாய்களை அன்றைக்கே மூடி போட்டு அடைத்து, கம்ப்ரசரையும் பிராக்கெட்டுகளையும் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். டிரையரை வைத்துக்கொண்டு பயனில்லை. திறந்த சில மணி நேரத்திலேயே காற்றின் ஈரத்தைக் குடித்து அது நிறைந்திருக்கும்.