லிங்க்கில் டொமைன் எங்கே முடிகிறது?

ஒரு லிங்க்கைக் கொடுத்து, அது எந்தத் தளத்துக்குப் போகிறது என்று நிரலில் எழுதச் சொன்னார்கள். இதிலென்ன இருக்கிறது என்று சாய்கோடு கண்ட இடமெல்லாம் வெட்டி மூன்றாவது துண்டை எடுத்தேன். முதல் துண்டு 'எச்டிடிபிஎஸ்:', இரண்டாவது வெற்று, அடுத்தது டொமைன், அதாவது தளத்தின் பெயர். (அந்த இரட்டைச் சாய்கோடு தேவையே இல்லை என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீயே 2009-இல் ஒப்புக்கொண்டுவிட்டார்.)

பல லிங்க்குகளுக்கு இது போதும். இதற்குப் போதாது:

எச்டிடிபிஎஸ்://நம்வங்கி.காம்@திருடன்.காம்:8080/உள்ளே

நம் கண் நம்வங்கியிலேயே நின்றுவிடும். ஆனால் @ குறிக்கு முன்னால் இருப்பது வெறும் பயனர் பெயர்; பிரவுசர் போய்ச் சேருவது திருடன் வீட்டுக்கு. 8080 என்பது போர்ட் எண், அதாவது அந்தக் கணினியில் எந்த வாசலைத் தட்டுவது என்ற எண். என் மூன்றாவது துண்டில் இவை மொத்தமும் ஒட்டிக்கொண்டு வந்தன.

சரி, வெட்டும் வேலையைத் தயாராக இருக்கும் கருவியிடம் விடுவதே மேல். பைத்தான் நிரல்மொழியில் லிங்க்கைப் பிரிக்க யுஆர்எல்பார்ஸ் உண்டு. அதிலும் 'நெட்லாக்' கேட்டால் பயனர் பெயரும் போர்ட்டும் சேர்ந்தே வரும். 'ஹோஸ்ட்நேம்' கேட்டால்தான் திருடன்.காம் மட்டும் கிடைக்கும். முன்னால் எச்டிடிபிஎஸ் இல்லாமல் வெறும் 'கடை.காம்/விலை' என்று கொடுத்தால், அத்தனையையும் பாதை என்று எடுத்துக்கொண்டு ஹோஸ்ட்நேம் இல்லை என்றுவிடும்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். 'செய்தி.கடை.காம்' என்பதில் ஒருவர் காசு கொடுத்துப் பதிந்தது கடை.காம். அப்படியானால் வலப்பக்கம் கடைசி இரண்டு துண்டை எடுத்தால் ஆயிற்றா? 'கடை.கோ.யுகே' வந்தால் விடை 'கோ.யுகே' ஆகிவிடும். பிரிட்டனின் லட்சக்கணக்கான கடைகளுக்கும் அதே வால்தான். எத்தனை புள்ளி தாண்டி நிற்பது என்பதை எழுத்தை வைத்துச் சொல்லவே முடியாது. எந்த விதியிலும் அடங்காத வழக்கம் அது. அதனால் எந்தெந்த வால்களுக்குக் கீழே ஆளாளுக்குப் பெயர் பதியலாம் என்று சொல்லும், ஃபயர்பாக்ஸ் பிரவுசரின் மோசில்லா தொடங்கிய 'பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட்' என்ற பட்டியலைப் பார்க்க வேண்டும். பிரவுசர்களும் இதைத்தான் நம்புகின்றன. இல்லாவிட்டால் ஒரு கடை கோ.யுகே முழுமைக்கும் குக்கி (தளம் நம் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு) போட்டு, பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் அனுப்ப வைத்துவிடும்.

பைத்தானில் டிஎல்டிஎக்ஸ்ட்ராக்ட் இந்தப் பட்டியலைப் படித்துப் பிரித்துக் கொடுக்கும். அதிலும் ஒரு முடிவு நம் கையில்தான். நிரலர்கள் தங்கள் பக்கங்களை வைக்க கிட்ஹப் நிறுவனம் தரும் 'கிட்ஹப்.ஐஓ' அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஏனென்றால் அதன் கீழ் ஒவ்வொருவர் பக்கமும் தனித்தனி ஆளுடையது. இப்படி நிறுவனங்கள் சேர்த்த தனியார் வால்களை, நாம் கேட்டால் ஒழிய டிஎல்டிஎக்ஸ்ட்ராக்ட் கணக்கில் எடுப்பதில்லை. கேட்காவிட்டால், கிட்ஹப்பில் பக்கம் வைத்திருக்கும் அத்தனை பேரும் ஒரே டொமைன்.